பிரெட்ரிக்ஸ்பர்க்கில் ஒரு நாள்: நடந்தே பாருங்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் 1846-இல் ஜெர்மானியக் குடியேறிகள் நிறுவிய பிரெட்ரிக்ஸ்பர்க்கிற்குச் செல்வோர், காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மெயின் தெருவை நடந்தே பார்ப்பது நல்லது. சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் எண்கோண வடிவ 'ஃபெரைன்ஸ் கிர்ஷே' என்னும் தேவாலயக் கட்டடத்திலிருந்து தொடங்கலாம். 1847-இல் கட்டப்பட்ட மூலக் கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டதால், இப்போது காண்பது 1930-களில் எழுப்பப்பட்ட மறுவடிவமே.

அருகிலுள்ள பயனியர் அருங்காட்சியகத்தில் 'ஞாயிறு வீடு' ஒன்றைத் தவறாமல் பாருங்கள். தொலைவிலிருந்த பண்ணைகளில் வாழ்ந்தவர்கள், சனிக்கிழமை சாமான் வாங்கவும் ஞாயிறன்று தேவாலயம் செல்லவும் ஊருக்குள் வந்து தங்குவதற்கென்றே இத்தகைய சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். பிள்ளைகள் உறங்கும் பரணுக்கு ஏறும் படிக்கட்டு பல வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டியே இருக்கும். என்னைக் கேட்டால், ஊரின் மிகச் சுவையான வரலாறு இவ்வீடுகளில்தான் இருக்கிறது.

இங்கு பிறந்த, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படைத் தளபதி நிமிட்ஸின் குடும்ப விடுதியையும் உள்ளடக்கிய பசிபிக் போர் அருங்காட்சியகம் மிகப் பெரியது என்பதால், அதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். வார இறுதியில் கூட்டம் நெரியும். வார நாளில் செல்வது உத்தமம். அருங்காட்சியகங்களின் விடுமுறை நாள்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.