அரைப்பேர் எங்கே போனது? குவெரி விடையின் கொலம் வகையைக் கண்டுபிடிப்பது

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு செக்ரோல் கணக்கை, அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவை, பைத்தனில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். முதல் மாதச் சம்பளச் சீட்டு கொடுத்த அன்றே கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பத்தொம்பதாம் திகதி எனக்கு அரைப்பேர் போட்டாங்களே, சீட்டுல காணோமே?"

பிழை என்னுடையது. 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கணக்கு, பாதி நாள் என்றால் அரைப்பேர், 0.5. அந்தக் கொலத்தின் முதல் வரியில் 1 இருந்தது. முழு எண்தான் என்று முடிவுகட்டிய என் புரோகிராம், கீழே வந்த எல்லாவற்றையும் இன்ட் ஆக்கிவிட்டது. 0.5 வெறும் 0 ஆனது. உள்ளே கிடக்கும் மதிப்பைப் பார்த்து வகையை ஊகித்தால் இப்படித்தான். டேட்டாபேஸ் சேர்வரிடமே கேட்டிருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதைப் பைத்தனோடு இணைக்கும் சைகோபிஜி2வும் என்றால், குவெரியை ஓட்டும் எக்சிகியூட் முடிந்தவுடன், விடையை வாங்கித்தரும் கர்சரின் டிஸ்கிரிப்ஷனைப் பாருங்கள். ஒவ்வொரு கொலத்துக்கும் ஏழு உறுப்புகள் உள்ள ஒரு வரிசை இருக்கும். முதலாவது பெயர், இரண்டாவது வகை எண். 23 என்றால் இன்டிஜர், 20 பிக்இன்ட், 1043 வார்ச்சார், 1082 திகதி, 1700 நியூமெரிக் (தசமம் வரக்கூடிய எண்). என் 'பேர்' கொலம் 1700 என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான்தான் காது கொடுக்கவில்லை. ஏழாவது உறுப்பு நல் (null, வெற்று மதிப்பு) வரலாமா என்று சொல்ல வேண்டியது. சைகோபிஜி2 அதை எப்போதும் நன் (None, பைத்தனில் 'எதுவுமில்லை') என்றே வைக்கும், விட்டுவிடுங்கள்.

தெரியாத எண் வந்தால் போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி_டைப் அட்டவணையில் அந்த எண்ணை (அங்கே அதற்குப் பெயர் ஓஐடி) தேடினால் பெயர் கிடைக்கும். நீங்களே உருவாக்கிய ஈனம் (enum, பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும்) வகைகளின் எண் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். அதைக் கோடுக்குள் எழுதி வைக்காதீர்கள்.

வகை மட்டும் போதுமென்றால் குவெரியின் கடைசியில் லிமிட் 0 போடுங்கள். ஒரு வரிகூட வராது, டிஸ்கிரிப்ஷன் வரும்.

அட்டவணையில் இருக்கும் வகையே விடையிலும் வரும் என்று எண்ண வேண்டாம். கொழுந்து கிலோவை இன்டிஜராக வைத்து சம் போட்டால் விடை பிக்இன்ட். அந்தக் கூட்டுத்தொகைகளை மறுபடி சம் போட்டால் நியூமெரிக். பைத்தனில் டெசிமலாக வந்து நிற்கும். ஆகவே ஓடப்போகும் குவெரியையே சோதியுங்கள்.

எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸில் இந்த வழி உதவாது. அங்கே டிஸ்கிரிப்ஷனில் பெயர் மட்டும்தான், மற்ற ஆறும் நன். வகை ஒவ்வொரு மதிப்போடும் ஒட்டியிருப்பதால் குவெரிக்குள் டைப்ஆஃப் போட்டு வரிவரியாகத்தான் கேட்க வேண்டும்.