முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் போடும் முன்னாள் போராளிகளுக்கு

கால்முனையை (வெட்டியபின் மிஞ்சிய காலின் நுனியை) இரவில் கழுவுங்கள், காலையில் வேண்டாம். ஊறிய தோல் பொய்க்காலின் கூட்டுக்குள் உரசிப் புண்ணாகும். எழும்பியதும் பொய்க்காலைப் போட்டுவிடுங்கள். கழற்றி வைத்திருந்தால் கால்முனை வீங்கும்.

பகல் போகப் போக கால்முனை வற்றும். அப்போது கால் கூட்டுக்குள் ஆழ இறங்கி நுனி இடிக்கும், முழங்காற்சில்லு அழுந்தும். கால்முனையில் மேலதிகமாக ஒரு காலுறை போடுங்கள். நாலைந்து போட்டும் ஆடினால் கூடே பெரிதாகிவிட்டது. துணி திணிக்காமல், பொய்க்கால் செய்து தரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் காட்டுங்கள்.

சித்திரை, வைகாசி வெய்யிலில் வியர்வைதான் பெரிய தொல்லை. மத்தியானம் கழற்றித் துடைத்து, உலர்ந்த பருத்திக் காலுறை மாற்றுங்கள். கழற்றிய பின் சிவப்பு 10–15 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால், கொப்புளம் கண்டால், அன்று ஊன்றுகோல்தான். கூலி போகிறதே என்று பல்லைக் கடித்து நடந்தால் சின்னப் புண் மாதக்கணக்கில் இழுக்கும். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஆழமாகலாம். தினமும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கும். பழங்கதை கிளறுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். "உள்ளே உலோகத் துண்டு இருக்கு" என்றாலே போதும்.