திருநீற்றுப் புதனைத் தொடக்கப் பள்ளியில் நடத்துவது எப்படி

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமான தவக்காலத்தைக் கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கும் நாள் திருநீற்றுப் புதன். தமிழ்நாட்டில் அது அரசு விடுமுறை இல்லை. அதனால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளிகளில், காலைத் திருப்பலிக்கு (பூசைக்கு) போக முடியாத பிள்ளைகளுக்குச் சாம்பல் பூசுவதும் பள்ளியின் பொறுப்பாகிவிடுகிறது. பூசுவது பத்து நிமிட வேலை. ஆயத்தத்தைப் பத்து நாள் முன்பே தொடங்காவிட்டால் அந்தப் பத்து நிமிடம் சந்தைக்கடை ஆகிவிடும்.

தேதி ஆண்டுதோறும் மாறும். ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் தவக்காலத்தின் 40 நாள். 2026-இல் பிப்ரவரி 18, 2027-இல் பிப்ரவரி 10.

ஓலை சேர்ப்பது

போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு) மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, ஓலையை எரித்துத்தான் சாம்பல் எடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது சுரூபத்துக்கு (சாமி சிலைக்கு) பின்னாலோ நிலைப்படிக்கு மேலோ செருகியிருக்கும். பத்து நாளுக்கு முன் காலைக் கூட்டத்தில் சொல்லி, வாசலில் ஒரு சாக்கை வையுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். டைரியில் எழுதிவிட்டால்தான் ஓலை வந்து சேரும்.

வந்த ஓலையை அப்படியே எரிக்காதீர்கள். சிலுவையாகப் பின்னிய ஓலையில் ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட், ஜரிகை நாடா, பாலிதீன் உறை என்று எல்லாம் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் ஒரு துண்டு கலந்தாலும் சாம்பல் பிசுபிசுத்து நாறும். பிரித்தெடுத்து ஒரு நாள் வெயிலில் காயவைத்து, சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு கிலோ காய்ந்த ஓலை எரிந்தால் சலித்த பிறகு அரை டம்ளர் சாம்பல் தேறும். 300 பிள்ளைகளுக்கு அது தாராளம்.

எரிப்பதும் சலிப்பதும்

புதனுக்கு முந்திய சனிக்கிழமை எரிப்பது நல்லது. பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், புகையும் யாரையும் தொந்தரவு செய்யாது. பழைய இரும்புச் சட்டி அல்லது வாயகன்ற மண்சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது: வாடை சாம்பலில் தங்கும், பிள்ளைகளின் தோலும் எரியும். செய்தித்தாளும் வேண்டாம், அதன் சாம்பலும் இதோடு கலந்துவிடும். ஓலை நுனியிலேயே தீக்குச்சியை வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கம்பியால் கிளறிக்கொண்டே இருங்கள். காற்று நன்றாகப் பட்டால் வெளிர்சாம்பல் நிறத்தில் வரும். மொத்தமாகத் திணித்து மூடிவிட்டால் கருகிக் கரியாக நிற்கும். வெளிநாட்டுப் படங்களில் கன்னங்கரேலென்ற சிலுவையைப் பார்த்துவிட்டு அதுபோல் வேண்டுமென்று சிலர் கரியாகவே இறக்குகிறார்கள். வெள்ளைத் தோலில் கரி எடுத்துக் காட்டும். நம் பிள்ளைகளின் நெற்றியில் வெளிர்சாம்பல்தான் பளிச்சென்று தெரியும்.

எரிந்து முடிந்ததும் சட்டியை ஓர் இரவு அப்படியே ஆறவிடுங்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் கங்கு இருக்கும். அன்று மாலையே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் டப்பா ஓட்டையாகிவிடும். மறுநாள் உரலில் இடித்து, முதலில் மாவு சல்லடையிலும், பிறகு பழைய வேட்டித் துணியிலும் சலியுங்கள். இரண்டாவது சலிப்பை விட்டுவிட்டால் ஈர்க்கின் துணுக்கு ஏதாவது தங்கி, பிஞ்சு நெற்றியில் கீறும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். ஒட்டாமல் உதிர்கிறதே என்று குழைக்கத் தோன்றும். ஆனால் ஈரப்பட்ட சாம்பல் காரமானது. ஒருகாலத்தில் துணி வெளுக்கப் பயன்பட்ட அதே சாம்பல்நீர்தான் இது; நெற்றியில் காய்ந்தால் சிவந்து புண்ணாகலாம். மந்திரிக்கும்போது சாமியார் (குரு) தெளிக்கும் சில துளி தீர்த்தத்தால் ஒன்றும் ஆகாது. ஒட்டவேண்டும் என்றால் கட்டைவிரலில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். தலைக்கு எண்ணெய் வைத்து வரும் பிள்ளைகளுக்கு அதுவும் தேவைப்படாது.

பெற்றோர் சம்மதம்

நம் பள்ளிகளில் பல இடங்களில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். இஸ்லாமியப் பிள்ளைகளும் உண்டு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் வழிபாட்டில் கட்டாயமாகக் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஆகவே ஒரு வாரம் முன்பே டைரியில் ஒரு வரி: “புதன்கிழமை வழிபாட்டில் பிள்ளையின் நெற்றியில் சாம்பல் பூச விருப்பம் / விருப்பமில்லை”, கீழே கையொப்பம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இதே சீட்டுதான். தனியாகப் பிரித்தால் அதுவே ஒரு பேச்சாகிவிடும். கையெழுத்து வராத பிள்ளைக்குப் பூச வேண்டாம். பக்கத்துப் பிள்ளை போகிறது என்று தானும் வரிசையில் வந்து நிற்கும் வயது அது. “நீயும் வா” என்று டீச்சரே சொல்லிவிட்டால், மறுநாள் காலை தாத்தா வாசலில் நிற்பார்.

நடைமுறையில் நிறைய இந்துப் பெற்றோர் விருப்பம் என்றே எழுதி அனுப்புவார்கள். விபூதி அவர்களுக்குப் புதிதல்ல. விபூதிப் புதன் என்று இந்த நாளுக்கே பெயர் உண்டு. திருச்சபைப்படியும் தடையில்லை, இது ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனம் அல்ல. பொட்டு வைத்த பிள்ளை வந்தால் பொட்டை அழிக்காமல் அதற்கு மேலே பூசுங்கள். பூசிக்கொள்ளாத பிள்ளைகளை வராந்தாவில் சும்மா நிறுத்தாமல், வகுப்பறையில் ஓர் ஆசிரியையோடு படம் வரைய உட்காரவையுங்கள். 2026-இல் அதே வாரம்தான் ரமலான் நோன்பும் தொடங்கியது. நோன்பு என்றால் என்ன என்று இரு பக்கப் பிள்ளைகளும் பேச நல்ல வாய்ப்பு.

புதன்கிழமை

சாம்பலை மந்திரிப்பது குருவோ திருத்தொண்டரோ (டீக்கன்) தான். பூசுவதற்கு சிஸ்டர், உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்), ஆசிரியர் உதவலாம். பங்குச் சாமியாருக்கு அன்று கிளைக்கிராமத் திருப்பலிகளும் இருக்கும். காலைப் பூசையிலேயே மந்திரித்து வாங்கிவிட்டால் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் காலை உணவு முடிந்து, கை வாய் கழுவிய பிறகு தொடங்குங்கள்.

ஒருவர் நிமிடத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்குப் பூசலாம். 300 பேருக்கு மூன்று பேர் போதும். ஒன்றாம் வகுப்பு முதலில். காத்திருக்க அவர்களால் ஆகாது. பிள்ளையைக் கண்ணை மூடி முகத்தைச் சற்று நிமிர்த்தச் சொல்லுங்கள். உதிர்வது தலைமுடிப் பக்கம் போகும். குனிந்து நின்றால் இமையில் விழும், உடனே கண்ணைக் கசக்கும். விரல் நுனியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தொட்டு, மேலிருந்து கீழ் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். நெற்றியில் சொறி, புண் இருந்தால் உச்சந்தலையில் தூவிவிடலாம், அதுவும் முறையானதே.

சொல்வதற்கு இரண்டு வாக்கியங்கள் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” பொருந்தும். மண்ணுக்குத் திரும்புவதைச் சொல்லும் மற்றதை, அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளையிடம் சொல்லி அழவைக்க வேண்டாம்.

பூசியவர் விரலில் ஏறிய கறை சோப்புக்கு மட்டும் போகாது. எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவுங்கள். மிஞ்சிய சாம்பலைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மரத்தடி மண்ணில் புதையுங்கள்.

மதியம் சத்துணவு முட்டை பற்றி ஒவ்வோர் ஆண்டும் கேள்வி வரும். கொடுங்கள். அன்று கடைப்பிடிக்கும் சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத்தான் தவிர்க்கிறோம், முட்டையை அல்ல. அந்தக் கட்டளையும் 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான்; ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) 18 நிறைந்தவர்களுக்கு. எட்டு வயதுப் பிள்ளையைப் பட்டினி போடுவது பக்தி ஆகாது.

அடுத்த நாற்பது நாள்

காலைக் கூட்டப் பாடல்களை அன்றே பார்த்துவிடுங்கள். ஈஸ்டர் திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடு) வரை அல்லேலூயா கிடையாது. பிள்ளைகளின் பாட்டுகளில் அது கடைசி வரியில் ஒளிந்திருக்கும். இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையை வெள்ளி கடைசிப் பீரியடில் வையுங்கள். 14 நிலைகளையும் மார்ச் வெயிலில் நின்று செய்தால் ஏழாவதிலேயே யாராவது மயங்குவார்கள். தாயைச் சந்திப்பது, சீமோன் சிலுவை சுமப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது, உயிர் விடுவது என்று நான்கை எடுத்து வராந்தா நிழலில் நிதானமாகச் செய்யலாம். தவக்கால உண்டியல் வகுப்புக்கு ஒன்று போதும். பிள்ளைக்கு ஒன்று கொடுத்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிவைத்தால் இல்லாத வீட்டுப் பிள்ளை கூனிக்குறுகும்.

குருத்தோலைக்குத் தென்னையோ பனையோ, மரம் ஏறுபவரிடம் குருத்தை அடிவரை வெட்ட வேண்டாமென்று சொல்லிவையுங்கள். வளரும் முனை ஒன்றுதான், அது சேதமானால் மரமே பட்டுப்போகும். ஒரு தென்னங்குருத்தில் இருநூறு ஓலை வரை கிடைக்கும்.

அந்த ஞாயிறு முடிந்ததும் கோயிலில் மிஞ்சிய மந்திரித்த ஓலையில் ஒரு கட்டு கேட்டு வாங்கி, நூலால் கட்டி, அலுவலகத்தில் காற்றோட்டமான ஆணியில் தொங்கவிடுங்கள். பாலிதீன் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வீடுகளிலிருந்து ஓலை குறைவாக வரும் ஆண்டில் இந்தக் கட்டுதான் கைகொடுக்கும்.