ஆன்லைனில் ஆசிரியர் பயிற்சி: வேகமாக முடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டாலஸ் பக்கம் எங்கள் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் இந்தக் கேள்வி வரும்: "அக்கா, நானும் டீச்சர் ஆகலாம்னு இருக்கேன், ஆன்லைன்ல ஒரு வருஷத்துல முடிச்சிடலாமாமே?" முடிக்கலாம். எதை முடிக்கிறோம் என்பதில்தான் சிக்கலே. எங்கள் செட்டில் படித்தவர்கள் விழுந்த அதே குழிகளில் புதிதாக வருபவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இப்படி வேகமாக முடிக்க விடுவது திறன் அடிப்படையிலான படிப்பு. அது என்ன என்று தெரியாதவர்களுக்கு மட்டும்: இத்தனை வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் இத்தனை கிரெடிட் என்ற கணக்கு இங்கே கிடையாது. பாடத்தில் உங்களுக்குத் திறமை இருக்கிறது என்று நிரூபித்தால் அடுத்ததுக்குப் போகலாம். அமெரிக்காவில் இதற்குப் பெரிய உதாரணம் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி. 1997-ல் 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கியது. ஆறு மாத டெர்முக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் உங்கள் சாமர்த்தியம். சில பாடங்களுக்கு கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதும் தேர்வு, சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் டாஸ்க். வேறு பல கல்லூரிகளிலும் இப்போது கிட்டத்தட்ட இதே ஏற்பாடு வந்துவிட்டது.

தேர்வு அறையில் போன் வைக்காதே, காப்பி அடிக்காதே, வைஃபை பார்த்துக்கொள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

லைசென்ஸ் தராத பட்டம்

பெயரில் 'எஜுகேஷன்' என்று இருந்தால் போதும், பள்ளியில் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துச் சேருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.எட். என்று வரும் பட்டங்களில் பல ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கானவை. புதிதாக நுழைபவருக்கு வேண்டியது லைசென்ஸுக்கு வழிவிடும் படிப்பு. ஏற்கெனவே வேறு துறையில் டிகிரி இருந்தால் பெரும்பாலும் அது எம்.ஏ.டி. (மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்) என்ற பெயரில் இருக்கும். ஒரே கல்லூரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றில் ஸ்டூடண்ட் டீச்சிங் (பள்ளியில் ஒரு ஆசிரியரின் வகுப்பில் நின்று பாடம் எடுத்துப் பழகும் பயிற்சி) இருக்காது, அதனால் சுலபமாகத் தெரியும், ஆட்கள் அதில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அப்புறம், எந்த மாநிலத்துக்கு லைசென்ஸ் என்று கேளுங்கள். எந்தெந்த மாநிலத்தின் நிபந்தனைக்கு இந்தப் படிப்பு பொருந்தும் என்று கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசின் விதி, தேடினால் அந்தப் பட்டியல் கிடைக்கும். கணவரின் ப்ராஜெக்ட் மாறி டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போக நேர்ந்தால் லைசென்ஸும் பெட்டியோடு சேர்ந்து வந்துவிடாது. மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருக்கிறதுதான், ஆனால் அது தானாக நடக்கும் மாற்றம் இல்லை. புது மாநிலத்தின் தேர்வு, கூடுதல் பாடம் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தியப் பட்டத்தின் மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது

மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கும், சிலவை மூன்று வருடப் படிப்பு என்று மட்டுமே எழுதித் தரும். உங்கள் மாநிலமும் கல்லூரியும் யாருடைய மதிப்பீட்டை ஏற்கின்றன என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பாடவாரியான மதிப்பீடாகவே வாங்குங்கள். ஊரில் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவரில் மார்க் ஷீட் வருவதற்குள் அப்பாவையோ தம்பியையோ நாலு நடை நடக்க வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்டூடண்ட் டீச்சிங்கைக் கடைசியில் நினைப்பது

இதுதான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

உங்கள் வேகத்தில் படிக்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது, உண்மைதான். பாடங்கள் உங்கள் வேகத்தில் நடக்கும். ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு பாடம் என்று தள்ளிவிட்டு, "எல்லாம் முடிஞ்சது, ஸ்டூடண்ட் டீச்சிங் ஒண்ணுதான் பாக்கி" என்று குழுவில் எழுதுவார்கள், கீழே வரிசையாகக் கைதட்டல். அந்த ஒன்றுதான் உங்கள் கையில் இல்லாதது. அது பள்ளிக்கூடத்தின் காலண்டரில் நடப்பது. காலை ஏழரைக்கு ஆரம்பித்து மாலை வரை, வாரத்துக்கு ஐந்து நாள், மாநிலத்தைப் பொறுத்து 12 வாரத்திலிருந்து ஒரு முழு செமஸ்டர் வரை போகும். டெக்சாஸில் 14 வாரம் என்பதுதான் நீண்ட நாள் வழக்கம். சம்பளம் பெரும்பாலும் கிடையாது. உங்கள் சொந்தப் பிள்ளையின் பள்ளி மணி மூன்று மணிக்கு அடிக்கும்போது நீங்கள் வேறொரு பள்ளியின் வாசலில் வேறு யாருடைய பிள்ளைகளையோ கார் லைனில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இடம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். கல்லூரி கேட்கும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சம்மதிக்க வேண்டும், பிரின்சிபால் சம்மதிக்க வேண்டும், கடைசியில் ஒரு ஆசிரியர் தன் வகுப்பை உங்களிடம் விட ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும் என்று எங்கள் மாநிலத்தில் விதி. ஆகஸ்டில் வகுப்பில் நிற்க வேண்டும் என்றால் விண்ணப்பம் அதற்கு முந்தைய வசந்தத்திலேயே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் கைரேகை, பின்னணிச் சோதனை, சில இடங்களில் டி.பி. டெஸ்ட், லைசென்ஸுக்கான பாடத் தேர்வு பாஸ் ஆன சான்று. இதில் ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. ஜனவரி செமஸ்டரில் இன்னொரு தொல்லை: ஏப்ரலில் பிள்ளைகளுக்கான மாநிலத் தேர்வான ஸ்டார் ஆரம்பித்துவிடும், மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே எடுக்கும் ஆசிரியர்கள் பலர் அந்த நேரத்தில் புது ஆளிடம் வகுப்பைக் கொடுக்கத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஐ.டி.யில் டெஸ்டிங் லீடாக இருந்தவர், படு வேகம். பாடங்களையெல்லாம் அக்டோபருக்குள் முடித்துவிட்டார். ஜனவரி இடத்துக்கான விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிட்டது. தேதி கையேட்டில் இருந்தது, யாரும் மறைக்கவில்லை, அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அடுத்தது ஆகஸ்ட். நடுவில் டெர்ம் மாறியதால் இன்னொரு கட்டணம். ஆகஸ்ட் வந்தபோது ஆபீஸில் 14 வாரம் லீவு தர மாட்டோம் என்றார்கள். வேலையை விட்டார். வேகமாகப் படித்து மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அந்த ஒரு வருடத்தில் போய்விட்டது. இதையே நான் மூன்று பேரிடம் முன்கூட்டியே சொன்னேன், மூன்று பேரும் தலையாட்டினார்கள், இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எந்த ஆகஸ்ட் அல்லது எந்த ஜனவரியில் வகுப்பில் நிற்கப் போகிறேன் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து விண்ணப்பத் தேதி, அதற்கு முன் தேர்வு, அதற்கு முன் பாடங்கள் என்று இறங்கி வாருங்கள். சேருவதற்கு முன் கல்லூரியிடம் நேரடியாகக் கேளுங்கள்: என் டிஸ்ட்ரிக்டோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறதா? நான் ஏற்கெனவே பாரா அல்லது எய்ட் (வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாளர்) வேலையில் இருந்தால் அதே பள்ளியில் செய்ய விடுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கிளாஸ்ரூம் மேனேஜ்மென்ட் பாடத்தை மூன்று நாளில் முடித்தவருக்கு முதல் வாரத்தில் என்ன நடக்கிறது என்று நான் என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். கார்ப்பெட்டில் உட்கார்ந்திருக்கும் 22 பிள்ளைகளை மேசைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. "எல்லாரும் போய் உட்காருங்க" என்கிறார். ஆறு பேர் பென்சில் சீவப் போகிறார்கள், இரண்டு பேருக்கு உடனே பாத்ரூம், ஒருவன் கார்ப்பெட்டிலேயே படுத்துவிட்டான். கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் காலி. நீலமேசை முதலில், கையில் ஒன்றும் எடுக்காமல், நான் ஐந்து எண்ணுவதற்குள் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் படித்த பாடத்திலேயே இருந்ததுதான். தேர்வில் சரியாக டிக் அடித்திருப்பார்.

சேருவதற்கு முன் சப்ஸ்டிட்யூட் டீச்சராக, அதாவது லீவில் போன ஆசிரியருக்குப் பதிலாக, கொஞ்ச நாள் போய் வாருங்கள், வேலை செய்ய அனுமதி இருந்தால்.

ரூப்ரிக்கைக் கடைசியில் படிப்பது

டாஸ்க்கைத் திருத்துபவர் உங்கள் மென்டார் (கல்லூரி உங்களுக்கென்று ஒதுக்கும் வழிகாட்டி) இல்லை, உங்களை அவருக்குத் தெரியாது, நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதும் தெரியாது. ரூப்ரிக்கில் (எதையெல்லாம் பார்த்துத் திருத்துவார்கள் என்ற பட்டியல்) உள்ள ஒவ்வொரு வரிக்கும் உங்கள் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நம் ஆட்கள் அழகாக ஆறு பக்கம் எழுதுவார்கள், திரும்பி வந்துவிடும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 'மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வார்கள்' என்று குறிக்கோள் எழுதுவது. புரிந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? 'பின்னப் பட்டைகளைக் கொடுத்தால், 1/2-க்குச் சமமான பின்னங்களை ஐந்தில் நான்கு முறை சரியாகக் காட்டுவார்கள்' என்று எழுதினால் அளக்க முடியும். இரண்டு, என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டு ஏன் என்பதை விட்டுவிடுவது. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் படத்தோடு சொல் அட்டை தருவேன் என்றால் போதாது. அது அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் உதவும் என்று ஒரு வாக்கியம் வேண்டும். ரூப்ரிக்கின் வரிகளையே துணைத்தலைப்பாகப் போட்டு எழுதுங்கள். அழகு குறையும், பாஸ் ஆகும். மாதிரி விடையை யாரிடமாவது வாங்கி மாற்றி எழுதலாம் என்ற யோசனை வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் இருக்கிறது.

மென்டார் அழைப்பை எடுக்காமல் விடுவது

எடுங்கள்.

டீச் கிராண்ட்டை இனாம் என்று நினைப்பது

ஆசிரியர் படிப்புக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை இது. பெரும்பாலும் கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் உள்ளவர்களுக்குத்தான். வருடத்துக்கு 4,000 டாலர் வரை தருவார்கள். பதிலுக்கு, படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில், ஆள் பற்றாக்குறை உள்ள பாடத்தில் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் முழுவதும் கடனாக மாறிவிடும், வாங்கின நாளிலிருந்து வட்டியோடு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள 'நல்ல' டிஸ்ட்ரிக்ட்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் இதைத் தொடாதீர்கள்.

வாசிப்புத் தேர்வை லேசாக எடுப்பது

டெக்சாஸில் 2021-லிருந்து தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு 'சயின்ஸ் ஆஃப் டீச்சிங் ரீடிங்' தனித் தேர்வு. ஆங்கிலம் நன்றாகப் பேசுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மதிப்பெண்

இந்த மாதிரிப் படிப்புகளில் பெரும்பாலும் பாஸ் மட்டும்தான், ஏ, பி எல்லாம் கிடையாது. பாஸ் என்றால் நாலுக்கு 3.0-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்வார்கள். பள்ளி வேலைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பின்னால் பிஎச்.டி. யோசனை இருந்தால், போக நினைக்கும் இடத்தில் இதை ஏற்பார்களா என்று இப்போதே ஒரு மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.