பளிச்சென்ற க்ளீன் டோன் வேண்டுமா? கிட்டார் ஆம்ப் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“டிஸ்டார்ஷனைப் போடாமல் விட்டால் எல்லா ஆம்பும் க்ளீன்தானே?” என்று நினைத்துக்கொண்டு கடைக்குள் நுழைவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது, நிறைய குறைகளை மூடி மறைத்துவிடும். மட்டமான ஸ்பீக்கர், சின்னப் பெட்டி, பலமில்லாத பவர் சப்ளை எதுவும் வெளியே தெரியாது. க்ளீனாக வாசிக்கும்போது அந்த வசதி கிடையாது, பிக் கம்பியில் படும் நொடியிலிருந்து நோட் அடங்கும் வரை எல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். அதனால் ராக், மெட்டல் வாசிக்கிற நண்பர் “சூப்பர் ஆம்ப்” என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அதையே நீங்களும் வாங்காதீர்கள். அவருக்கு அது சூப்பராகவே இருக்கலாம், உங்களுக்கு வேண்டியது வேறு.

அடுத்தது, க்ளீனையும் பளிச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. க்ளீன் என்றால் ஆம்ப் தன் எல்லையைத் தொடாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பளிச் என்றால் மேல் அதிர்வெண்கள் தெளிவாக வெளியே வருகின்றன என்று அர்த்தம். இரண்டும் ஒரே ஆம்பில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்ப் நல்ல உதாரணம். அதன் பளபளப்புக்கு அது உலகப் புகழ் பெற்றது, சந்தேகமே இல்லை. ஆனால் நான்கு இஎல்84 ட்யூப் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வால்வு), கரகரப்பை அடக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் இல்லாத பவர் ஸ்டேஜ் என்று அதன் வடிவமைப்பே சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும் வகை. அதன் இனிமை அந்த உடைகிற விளிம்பில்தான் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் மாதிரி கண்ணாடித் தெளிவோடு கடைசி வரை நிற்கும் என்று நம்பி இதை வாங்கினால், டிரம்மர் உட்கார்ந்த அன்றே ஏமாற்றம்தான்.

சரி, வாட் கணக்குக்கு வருவோம், இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பிக் கம்பியைத் தட்டும் அந்தக் கணத்தில் வரும் சிக்னல், அதற்குப் பின் நீளும் ஓசையைவிடப் பல மடங்கு பெரியது. அந்த உச்சத்தையும் நசுக்காமல் வெளியே தள்ள ஆம்பிடம் கையிருப்பாகக் கூடுதல் பலம் இருக்க வேண்டும், அதைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். 100 வாட் ஆம்ப் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று நினைக்காதீர்கள், வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆக, க்ளீன் டோன்காரருக்கு வாட் என்பது சத்தத்துக்காக இல்லை, சத்தம் கூடும்போதும் ஒலி உடையாமல் இருப்பதற்காக. ஃபெண்டரிலேயே டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், இரண்டு 6வி6 ட்யூப், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுவதற்கும் ஒரு ரெக்டிஃபையர் ட்யூப். ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் கொஞ்சம் தொய்ந்து, ஒலி மெத்தென்று அமுங்கும். 1963-ல் வந்த ட்வின் ரிவெர்ப் 85 வாட், நான்கு 6எல்6 ட்யூப், ரெக்டிஃபையர் வேலைக்கு சிலிக்கான் டயோடு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விறைப்பாக நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மாதிரி டோன் கட்டமைப்பு, ஆனால் குழுவோடு வாசிக்கும்போது ஒன்று உடையும், இன்னொன்று உடையாது.

இதைப் படித்துவிட்டு, தனியாக அறையில் வாசிப்பவர் ட்வின் வாங்கப் போனால் அது அடுத்த தவறு. வால்யூம் இரண்டில் இருக்கும்போதே வீடு அதிரும், அதற்கு மேல் நீங்கள் திருப்பவே மாட்டீர்கள். அறைக்குள் வாசிக்க 15, 20 வாட் தாராளம். டிரம்ஸோடு, மைக் வைக்காமல், க்ளீனாக என்றால் ட்யூபில் 40 வாட்டுக்குக் கீழே போக நான் தயங்குவேன். மேடையில் ஆம்புக்கு முன்னால் மைக் வைப்பார்கள் என்பது உறுதியென்றால் 22 வாட்டே போதும்.

“ட்யூப் இல்லையென்றால் டோன் இல்லை” என்று அடித்துப் பேசுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். க்ளீன் விஷயத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ட்யூபை ஏன் இவ்வளவு பேர் நேசிக்கிறார்கள் என்றால், அதை எல்லைக்குத் தள்ளும்போது அது அழகாக உடைகிறது என்பதற்காக. நீங்கள் அதைத் தள்ளவே போவதில்லை என்றால், ட்யூப் மாற்றும் செலவையும் அந்த எடையையும் எதற்குச் சுமக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 1975-ல் ரோலண்ட் கொண்டுவந்த ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டர், இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், பக்கத்துக்கு 60 வாட் வீதம் ஸ்டீரியோ, உள்ளேயே கோரஸ் எஃபெக்ட் (ஒரே ஒலியைப் பல கிட்டார் சேர்ந்தது போலக் காட்டுவது). பளிச்சென்ற க்ளீனுக்கு இன்றைக்கும் அதை அளவுகோலாக வைத்துத்தான் பேசுகிறார்கள். ட்யூப் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: க்ளீனாக இருக்கும்போதே அது பிக் படும் ஓசையின் கூர்மையை லேசாக மழுக்கிவிடும், சில விரல்களுக்கு அந்த உணர்வு இல்லாமல் வாசிக்கப் பிடிக்காது. அது உங்களுக்கு முக்கியமா என்பது இரண்டையும் வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். டிஜிட்டலையும் ஒதுக்க வேண்டாம். ஃபெண்டர் 2019-ல் விட்ட டோன் மாஸ்டர் ட்வின் ஏறக்குறைய 15 கிலோ, ட்யூப் ட்வினோ 29 கிலோ பக்கம்.

இப்போது ட்ரெபிள், அதாவது மேல் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். பளிச் வேண்டும் என்றால் உடனே கை போவது அந்தக் குமிழுக்குத்தான், அதைப் பத்துக்குத் திருப்பிவிட்டு “காது குத்துகிறது, இந்த ஆம்ப் சரியில்லை” என்று எழுந்து போகிறவர்கள் ஏராளம். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டியதும் மடமடவென்று இறங்கிவிடும், ஆகவே நாம் பளிச் என்று சொல்வதெல்லாம் சுமார் 2 முதல் 5 வரையான பகுதிக்குள்தான் அடங்குகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கிற இடமும் அதேதான். கொஞ்சம் கூடினாலும் ஊசி குத்துகிற மாதிரி ஆகிவிடும். முதலில் பேஸை, அதாவது கீழ் அதிர்வெண்களை, குறைத்துப் பாருங்கள், ட்ரெபிளைத் தொடாமலேயே மேல் பகுதி திறந்துகொள்ளும். ஃபெண்டர் வகை ஆம்ப்களில் மூன்று குமிழும் ஐந்தில் இருந்தால் ஒலி சமமாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு, அந்த சர்க்யூட் மிட்டை, அதாவது நடு அதிர்வெண்களை, இயல்பாகவே குழித்துவிடும். சமமான ஒலிக்கு அருகே போக வேண்டுமென்றால் பேஸையும் ட்ரெபிளையும் நன்றாக இறக்கி மிட்டை ஏற்ற வேண்டும். உங்களுக்கு அந்தக் குழிந்த ஒலிதான் பிடிக்கும் என்றால் நல்லது, ஆனால் குழுவோடு வாசிக்கும்போது கிட்டார் காணாமல் போவதற்கும் அதுவே காரணமாகலாம்.

பிரைட் ஸ்விட்சைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஆம்பை மதிப்பிடாதீர்கள். அது வால்யூம் குமிழுக்குக் குறுக்கே போட்ட ஒரு சின்னக் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். வால்யூம் குறைவாக இருக்கும்போது ட்ரெபிள் மட்டும் அதன் வழியாகக் குறுக்கே புகுந்து போய்விடும், வால்யூமை ஏற்ற ஏற்ற அதன் விளைவு மங்கி, முழுசாக ஏற்றினால் இல்லாமலே போகும். கடையில் வால்யூம் இரண்டில் கேட்ட பளபளப்பு மேடையில் ஆறில் இருக்காது. நேர்மாறாக, வீட்டில் கீச்சென்று இருந்த ஆம்ப் பெரிய இடத்தில் கச்சிதமாக அமைவதும் உண்டு. சில ஆம்ப்களில் ஸ்விட்சே இருக்காது, கெப்பாசிட்டர் உள்ளே நிரந்தரமாக இருக்கும், டீலக்ஸ் ரிவெர்பின் வைப்ராட்டோ சேனலில் அப்படித்தான்.

காது எங்கே இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை, என்னைக் கேட்டால் ஆம்ப் தேர்வில் இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை வேறில்லை. ஆம்ப் தரையில், நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள். 12 இன்ச் ஸ்பீக்கர் பேஸை எல்லாப் பக்கமும் பரப்பும், ஆனால் ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக ஒலியை டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டுமே வீசும். அந்தப் பளபளப்பு முழுக்க உங்கள் முட்டிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் காதுக்கு ஒலி மந்தமாகத் தெரிகிறது, நீங்கள் ட்ரெபிளை ஏற்றுகிறீர்கள், ஆறு மீட்டர் தள்ளி நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். வாங்குமுன் ஆம்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தோ, பின்னுக்குச் சாய்த்தோ, அல்லது நீங்களே தரையில் உட்கார்ந்தோ ஸ்பீக்கரின் நடுப்பகுதிக்கு நேராகக் கேளுங்கள். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நேராக இருக்கும்போது தாங்க முடியாமலும் ஒதுங்கினால் மந்தமாகவும் இருக்கிற ஆம்போடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

ஸ்பீக்கரைப் பற்றி வாங்குகிற யாரும் கேட்பதே இல்லை, வாட் மட்டும் கேட்பார்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கணக்கு உண்டு. 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 20 வாட் ஆம்ப் போதவில்லை, பெரிதாக மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பார்க்கலாம், டோனும் அதோடு மாறும். மாற்றும்போது ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை அளவு) பொருந்த வேண்டும், 8 ஓம் கேட்கிற இடத்தில் 8 ஓமே போடுங்கள், ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 6 இன்ச், 8 இன்ச் ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப்கள் பயிற்சிக்கு நல்லவைதான், ஆனால் அவற்றில் வரும் பளிச் பெரும்பாலும் கீழ்ப் பகுதி இல்லாததால் வருவது, நிறைவாக இருக்காது.

ஆம்பைக் குறை சொல்லுமுன் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், அது பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சேர்ந்து ட்ரெபிளை வெட்டும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் ஒன்றுக்கு இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் கேபிளில் அதன் ஒத்ததிர்வு உச்சம் 5 கிலோஹெர்ட்ஸ் அருகே, ஏழு மீட்டரில் 3.8 அருகே இறங்கிவிடும். இது காதுக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம். கடையில் கிடக்கும் நீளச் சுருள் கேபிளைச் செருகிவிட்டு இரண்டு ஆம்பை ஒப்பிடாதீர்கள், உங்கள் கேபிளையும் உங்கள் கிட்டாரையும் கொண்டு போங்கள். கிட்டாரின் வால்யூமை ஏழில் வைத்தாலும் ட்ரெபிள் குறையும். இன்புட் இரண்டு இருந்தால் எதில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், பழைய ஃபெண்டர் வகைகளில் இரண்டாவது இன்புட் 6 டெசிபல் குறைவு, கொஞ்சம் மந்தமும்கூட. சிக்னல் ஓங்கிய ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்திருப்பவருக்கு அதுவே உதவியாக இருக்கும்.

கெயின் (முன் பகுதியில் சிக்னலைப் பெருக்குவது), மாஸ்டர் (கடைசிச் சத்தத்தை வைப்பது) என்று இரண்டு குமிழ் உள்ள ஆம்பில் கெயினை ஏழில் வைத்து மாஸ்டரை ஒன்றில் வைத்துக்கொண்டு “இது க்ளீனாகவே வரவில்லை” என்பார்கள். தலைகீழாக வையுங்கள், மாஸ்டர் தாராளமாக, கெயின் தேவைக்கு மட்டும். அப்படியும் முதல் ட்யூப் சீக்கிரம் உடைகிறதென்றால் 12ஏஎக்ஸ்7 ட்யூப் இருக்கும் இடத்தில் 5751 அல்லது 12ஏடி7 போட்டுப் பார்க்கலாம். முதலாவதன் பெருக்கம் 100, மற்றவை 70, 60. ஆம்பை அணைத்து, ட்யூப் ஆறிய பிறகு மாற்றுங்கள்.

கடையில் சோதிக்கும்போது ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) முழுசாக இறக்குங்கள், கோரஸ், டிலே எதுவும் வேண்டாம், அவை எல்லா ஆம்பையும் அழகாக்கிவிடும். பிறகு நீங்கள் நிஜமாக வாசிக்கப் போகும் சத்தத்துக்கு ஏற்றுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டு அனுமதி வாங்குங்கள். குறைந்த சத்தத்தில் பேஸும் மிக மேலே உள்ள ஒலிகளும் நம் காதுக்குக் குறைவாகத்தான் எட்டும், 1933-லேயே ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்ச்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம் இது. மெதுவாக வைத்துச் சரிசெய்த டோன் மேடையில் வேறாகத்தான் இருக்கும். ஓப்பன் ஈ கார்டை ஓங்கி அடித்து, தடித்த கம்பியைக் கவனியுங்கள். பலம் போதாத ஆம்பில் முதலில் கலங்குவது கீழ்ப் பகுதிதான், மேலே தெளிவாக இருக்கும்போதே அடியில் தொளதொளவென்று ஒரு ஓசை சேரும். பிறகு மெல்லிய கம்பியில் 12-வது ஃபிரெட்டை அழுத்தி ஒரே ஒரு நோட், அது அடங்கும் வரை விடுங்கள். வால் பகுதியில் கரகரப்போ இரைச்சலோ தலைகாட்டினால் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு ஆம்பில் எது என்று முடிவெடுக்கும் நேரத்தில், இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் காதுக்கு அதுதான் பளிச்சென்றும் உயிரோட்டமாகவும் தெரியும். போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, ஒரே இடத்தில் போனை வைத்து, ஒரே கார்டை ஒரே அழுத்தத்தில் அடித்து இரண்டையும் சமப்படுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, எந்த ஆம்ப் என்று பார்க்காமல் திரும்பி நின்று கேளுங்கள்.