சிறுவயது உணவைச் சத்தாக மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

சீஸ் பாஸ்தா, உருளைக்கிழங்கு ஃபிரைஸ், சாக்லேட் கேக், நூடுல்ஸ். சின்ன வயதில் ஆசையாகச் சாப்பிட்டவற்றை வீட்டிலேயே கொஞ்சம் ஆரோக்கியமாகச் செய்யலாம் என்று ஆர்வத்தோடு இறங்கும் பலர், இரண்டாவது முறை அந்தப் பக்கமே போவதில்லை. முதல் தடவையே சர்க்கரை, வெண்ணெய், மைதா, உப்பு என எல்லாவற்றிலும் ஒரே நாளில் கை வைத்துவிடுவதுதான் காரணம். தட்டில் வந்து சேர்வது வேறு ஏதோ பண்டம். எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்றும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த உணவில் நம் நாக்கு எதைத் தேடுகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். ஃபிரைஸ் என்றால் மொறுமொறுப்பு. சீஸ் பாஸ்தா என்றால் வழவழப்பும் சீஸின் தூக்கலான மணமும். கேக் என்றால் மெத்தென்ற பதம். அந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதைக் குறைத்தால் போதும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.

கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைப்பது பெரிய தவறு. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது சர்க்கரை. ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதும், மேற்புறம் பொன்னிறமாக உதவுவதும் அதுதான். அதனால்தான் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்த கேக் வெளுத்து, வறண்டு, கெட்டியாக வருகிறது. கால் பங்கு குறைத்தால் பெரும்பாலான கேக்குகள் தாங்கும். குறைந்த இனிப்பை ஈடுகட்ட வெனிலா, இலவங்கப்பட்டை, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஆகியவை கைகொடுக்கும்.

சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. உடலுக்குத் தேனும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் தேன், சிரப், பழச்சாறு எல்லாவற்றிலும் உள்ள சர்க்கரையை ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளின் மொத்த ஆற்றலில் அது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 50 கிராம். முழுப் பழத்தில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆகவே தேனைவிட மசித்த பழமே நல்ல மாற்று. தேனில் கிட்டத்தட்ட 17 சதவீதம் நீர் வேறு இருக்கிறது; அளவு பார்க்காமல் சேர்த்தால் மாவு தளர்ந்துவிடும், மேற்புறமும் சீக்கிரம் கருகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் வேண்டாம்.

மைதாவை முழுவதும் எடுத்துவிட்டுக் கோதுமை மாவு போடுவதும் இப்படித்தான். தவிடு தண்ணீரை நிறைய இழுக்கும். மூன்றில் ஒரு பங்கு மாற்றித் தொடங்குங்கள், கொஞ்சம் பால் கூட்டுங்கள், கலந்த மாவை கால் மணி நேரம் ஊறவிடுங்கள்.

இனி ஃபிரைஸ். எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுட்டெடுத்தால் கொழுப்பு வெகுவாகக் குறையும், அது உண்மைதான். ஆனால் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் சுட்டால் கிழங்கு தோல்போல விறைத்துப்போகும். அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, மேலே ஒட்டிய மாவுச்சத்தைக் கழுவிவிட்டு, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். இந்தத் துடைக்கும் வேலையைத் தாவித்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அப்புறம் தட்டில் குவிக்காதீர்கள். துண்டுகள் நெருங்கினால் கிளம்பும் நீராவி வெளியேற வழியில்லாமல் கிழங்கை அவித்துவிடும். ஒரே அடுக்காக, இடைவெளி விட்டு, 220 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். ஏர் ஃபிரையருக்கும் இதே விதிதான். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் கூடும்.

சீஸ் பாஸ்தாவுக்குக் கொழுப்பு குறைத்த சீஸ் வாங்குவது வீண். கொழுப்பு குறைந்த சீஸ் சரியாக உருகாது, ரப்பர்போல இழுபடும். நன்கு முதிர்ந்த, மணம் தூக்கலான சீஸை வாங்கிப் பாதி அளவு போடுங்கள். ருசி குறையாது. கொஞ்சம் வெண்ணெயில் மாவை வதக்கி, பால் ஊற்றிக் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துருவிய சீஸைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். வேகவைத்து மைய அரைத்த காலிஃபிளவரை இந்தச் சாஸில் கலந்தால் வழவழப்பு கெடாமல் அளவு கூடும்.

காய் சேர்த்ததைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒரு புதிய காய் பிடித்துப்போகச் சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேல்கூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தெரியாமலேயே சாப்பிடும் காய் அந்தக் கணக்கில் சேராது. தெரிந்துவிட்டால் பாஸ்தா மீதே சந்தேகம் வந்துவிடும்.

நூடுல்ஸில் உப்பின் பெரும்பகுதி மசாலா பொட்டலத்தில்தான் இருக்கிறது. பாதியை மட்டும் போட்டு, முட்டையும் காயும் சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு உப்பின் குறையை மறைக்கும்.

சரி, வீட்டில் செய்ததுதானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் குறைத்தது அத்தனையும் திரும்ப வந்துவிடும். ஓட்ஸ் பிஸ்கட்டிலும் வெண்ணெய் இருக்கிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வெண்ணெய் பிஸ்கட்டில் வெண்ணெயை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதைப் பழைய முறைப்படியே செய்யுங்கள். மாவை உருளையாகச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்வரை தாங்கும். வேண்டும்போது ஆளுக்கு இரண்டு துண்டு மட்டும் வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம்.