பாசிட்டிவ் மேப்பைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"2×2 அணிகளுக்குள் போகும் சின்ன மேப்தானே, எப்படியும் பிரிந்துவிடும்." ஆபரேட்டர் சிஸ்டங்களில் (ஆபரேட்டர்களின் இயற்கணிதம் ஒன்றுக்குள், 1-ஐயும் ஒவ்வோர் உறுப்பின் இணையையும் கொண்ட நேரியல் உள்வெளிகளில்) வேலை செய்பவர்களை அதிகம் கவிழ்ப்பது இந்த நம்பிக்கைதான்.

பாசிட்டிவ் உறுப்புகளைப் பாசிட்டிவாகவே அனுப்பும் நேரியல் மேப்தான் பாசிட்டிவ் மேப்; அணி என்றால் பாசிட்டிவ் என்பது எதிர்ம ஐகன் மதிப்பு இல்லாத ஹெர்மிஷியன் அணி. சிஸ்டத்தின் உறுப்புகளை இடங்களாகக் கொண்ட எந்த அளவு அணியிலும் மேப் அதையே செய்தால், அது கம்ப்ளீட்லி பாசிட்டிவ் (இனி சிபி). பிரிப்பது என்றால், பாசிட்டிவ் மேப்பை சிபி மேப் ஒன்று, பின்னால் நிரைநிரல் மாற்றம் செய்தால் சிபி ஆகிவிடும் மேப் ஒன்று, இந்த இரண்டின் கூட்டலாக எழுதுவது. 2×2 அணிகளிலிருந்து 2×2-க்குப் போகும் எல்லா பாசிட்டிவ் மேப்பும் பிரியும் என்று ஸ்டோர்மர் 1963-இல் காட்டினார், 3×3-க்குப் போனாலும் பிரியும் என்று வொரோனோவிச் 1976-இல் காட்டினார். ஆனால் இரண்டு தேற்றங்களும் முழு அணி இயற்கணிதத்தைப் பற்றியவை. அதன் உள்வெளி ஒன்றை எடுத்தால் அவை எதையும் சொல்வதில்லை.

ஆர்வேசனின் எடுத்துக்காட்டை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கலப்பெண் தளத்தின் அலகு வட்டத்தின் மீது 1, இசட் (z), இசட்டின் இணை, இந்த மூன்றின் நேரியல் சேர்க்கைகள்தான் நம் சிஸ்டம். 1 அலகு அணிக்குப் போகட்டும், இசட் மேல் வலது மூலையில் 2, மற்ற இடமெல்லாம் 0 உள்ள அணிக்குப் போகட்டும், இணை அதன் நிரைநிரல் மாற்றுக்கு. இது பாசிட்டிவ்தான், சரிபார்க்க இரண்டு வரி போதும். இப்போது மூலைவிட்டத்தில் 1, 1, மேலே இசட், கீழே அதன் இணை உள்ள 2×2 அணியை எடுங்கள். அதுவும் பாசிட்டிவ், நிரைநிரல் மாற்றினாலும் பாசிட்டிவ், அதனால் மேப் பிரியுமென்றால் இரண்டு பாகங்களும் அதைப் பாசிட்டிவாகவே அனுப்பியாக வேண்டும். ஆனால் கிடைக்கும் 4×4 அணிக்குள், மூலைவிட்டத்தில் 1, 1, மற்ற இரண்டு இடத்திலும் 2 என்று ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் அணிக்கோவை -3, எனவே பிம்பம் பாசிட்டிவ் இல்லை. ஆக, மூன்றே பரிமாணம், 2×2-க்குள் போகிறது, அப்படியும் பிரியவில்லை!

"முதலில் முழு இயற்கணிதத்துக்கு நீட்டிவிட்டு அப்புறம் பிரிக்கலாம்" என்பது இதோடு ஒட்டிய தவறு. ஆர்வேசனின் 1969 நீட்சித் தேற்றம் சிபி மேப்புக்குத்தான். மேலே உள்ள மேப்பைப் பாசிட்டிவாக நீட்ட முடிந்தால் ரூசோ–டை தேற்றப்படி அதன் நார்ம் 1 ஆக வேண்டும், அதாவது எந்த உறுப்பின் அளவையும் (நார்ம்) அது கூட்டக் கூடாது, ஆனால் நார்ம் 1 உள்ள இசட் நார்ம் 2 உள்ள அணிக்கல்லவா போகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: அந்த மேப்பின் பிம்பத்தையே நம் சிஸ்டமாக வைத்துக்கொண்டால், பாசிட்டிவ் கூம்பு (பாசிட்டிவ் உறுப்புகளின் தொகுப்பு) அப்படியே இருக்கிறது, மேப்போ வெறும் சமனி மேப், அதாவது சிபி. எனவே கூம்பை மட்டும் எழுதிவிட்டு "இது பிரியுமா" என்று கேட்பதற்கு அர்த்தமே இல்லை, சிஸ்டம் எந்த இயற்கணிதத்துக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அணி அலகுகளின் (ஓரிடத்தில் 1, மற்றதெல்லாம் 0 உள்ள அணிகள்) பிம்பங்களை அடுக்கிக் கிடைக்கும் சோய் அணியையும் பழக்கதோஷத்தில் எழுதாதீர்கள், அணி அலகுகள் சிஸ்டத்துக்குள் இல்லையென்றால் எழுதவே முடியாது. "இந்த மேப்பின் சிபி பாகம்" என்றும் பேச வேண்டாம், பிரிப்பு ஒரே மாதிரி வராது. சொல்லிலும் குழப்பம் உண்டு: பிரியும் மேப்பை ஆங்கிலத்தில் decomposable என்பார்கள், ஆனால் கணிதவியலர் ஹாகரப் வழியில் வரும் கட்டுரைகளில் இதே பெயர் சிபி மேப்களின் நேரியல் சேர்க்கையைக் குறிக்கும், அது வேறு விஷயம்.

சரி, எதைச் சோதிப்பது? ஸ்டோர்மரின் 1982 நிபந்தனையை: சிஸ்டத்தின் உறுப்புகளால் ஆன எந்த அளவு அணியானாலும், அதுவும் அதன் இடங்களை நிரைநிரல் மாற்றியதும் பாசிட்டிவ் என்றால், பிம்பமும் பாசிட்டிவாக வர வேண்டும். இது நிறைவேறினால், ஒவ்வொரு உறுப்பையும் அதன் நிரைநிரல் மாற்றோடு ஜோடியாக வைத்து, அந்த ஜோடிகளின் சிஸ்டத்தில் ஆர்வேசன் நீட்சியைப் போடுங்கள், இரண்டு பாகங்களும் தானாக வந்துவிடும்.